ஓடிய இயந்திரத்தை நிறுத்தச் சொன்னவன்

1

இங்கே ஜெர்மனியில், எங்கள் தொழிலில் இருப்பவர்கள் ஆண்டுக்கொருமுறை கூடிப் பேசும் கருத்தரங்கு ஒன்று உண்டு. அதில் பேசும்படி எனக்கு அழைப்பு வந்திருக்கிறது. தலைப்பையும் அவர்களே வைத்துவிட்டார்கள்: 'பேருந்தில் பயணம் செய்த சோதனை'. அதன் கீழே இரண்டு வரிப் பாராட்டு. பெரும் மறுசீரமைப்பு ஒன்றில் ஒளிந்திருந்த பிழையை, இந்திய மலையூர் ஒன்றின் ஒற்றைக் கணினியைக் கொண்டே பொறுமையோடு கண்டறிந்த முறையை இளையோர் கற்க வேண்டுமாம்.

அந்த மலையூர் கல்வராயன் மலையில் இருக்கும் வெள்ளிமலை. அந்த ஒற்றைக் கணினி என் அக்கா செல்வியின் கடையில் இருப்பது. விண்ணப்பம் போடுவது, சான்றிதழ் எடுத்துக் கொடுப்பது, மின்கட்டணம் கட்டுவது ஆகியவற்றை அந்த ஒரு கணினியை வைத்துச் செய்து அக்கா குடும்பம் நடத்துகிறாள்.

'பொறுமை' என்ற சொல்லைப் படித்தபோது உடம்பு கூசியது. பொறுமையாக இருந்தவன் நான் அல்லன். பிறரைப் பொறுத்திருக்கச் செய்தவன். அழைப்புக்குப் பதில் எழுதுவதற்கு முன் ஊரில் இருப்பவர்களுக்கு இதை எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது.

2

ஊருக்கு வரும்போதெல்லாம் கேட்கிறார்கள்: "கம்ப்யூட்டர்ல நீ இன்னாதான்பா பண்றே?" நின்றபடி சொல்லி முடிக்கக்கூடிய பதில் என்னிடம் இருந்ததில்லை. இப்போது சொல்லிப் பார்க்கிறேன்.

கணினியை முடுக்கியவுடன் வேறெதுவும் எழுவதற்கு முன்பே எழுந்து, திரை, விசைப்பலகை, நினைவகம், கடிகாரம் ஆகியவற்றை வேலையில் அமர்த்தும் அடித்தள நிரலுக்கு இயங்குதளம் என்று பெயர். அது ஒருவர் எழுதியதன்று. பல ஆண்டுகள், பல தேசங்களில், பலர் எழுதியது. ஒரே காரியத்தை ஒன்பது பேர் ஒன்பது விதமாகச் செய்து வைத்திருப்பார்கள். வெளியே தெரியும் நடத்தை சற்றும் மாறாமல், உள்ளே இருப்பதை மட்டும் ஒழுங்குபடுத்தித் திருத்தி எழுதுவதே மறுசீரமைப்பு. எழுதியபின் நூற்றுக்கணக்கான சோதனைகளை ஓட்டுவோம். எல்லாம் தேறினால் உலகுக்கு வெளியிடுவோம்.

என் பங்குக்கு வந்தது காலக்கணக்கு. கணினிக்கு இப்போது மணி என்ன, நாள் என்ன என்று சொல்லும் பகுதி. பல கோப்புகளில் சிதறிக் கிடந்ததை ஓரிடத்தில் திரட்டி அழகாக எழுதினேன். அழகு என்ற சொல்லைத் தெரிந்தே எழுதுகிறேன். கல்லூரியில் நான் முதலில் படித்தது தமிழ். நிரலுக்கு வந்தது பிறகு. உரைநடையில் மிகைச்சொல்லைக் கண்டால் எடுத்தெறியும் பழக்கம் நிரலிலும் என்னோடு வந்தது. பழைய நிரலில் ஒரு வரி இருந்தது. கடிகாரம் காட்டும் நாள், கணினி கடைசியாக அணைக்கப்பட்ட நாளுக்கும் முந்தையதாக இருந்தால், அணைக்கப்பட்ட நாளையே எடுத்துக்கொள் என்பது அதன் பொருள். ஏன் அப்படி என்று எழுதியவர் விளக்கம் வைக்கவில்லை. கடிகாரம் எப்படிப் பின்னோக்கிப் போகும்? கூறியது கூறல் என்று முடிவுகட்டி அடித்துவிட்டேன். சோதனைகள் அனைத்தும் தேறின. எங்கள் ஆய்வுக்கூடத்து இயந்திரங்களுக்கு ஒரு நாளும் மின்சாரம் போனதில்லை.

3

புதிய பதிப்பு வெளியான சில நாள்களில் அக்கா அழைத்தாள்.

"டேய், மிசினு எழுந்துக்கவே மாட்டேங்குதுடா. தானா ஏதோ புதுசு ஏத்திக்கிச்சி. காலையில வந்து போட்டா திரையெல்லாம் கருப்பு."

"நேத்து எப்படி நிறுத்தினே?"

"எப்பவும் போலத்தான். அமுக்கி நிறுத்திட்டு, பிளக்கைப் புடுங்கிட்டு வூட்டுக்குப் போனேன்."

"பிளக்கை எதுக்குப் புடுங்கறே? அதனாலதான் கெட்டிருக்கும். எத்தினி வாட்டி சொல்லியிருக்கேன்!"

"நீ சொல்லிக்கினே இருப்பே. இங்க இடி இடிச்சா உங்க ஜெர்மனிக்காரனா வந்து புது மிசினு வாங்கித் தருவான்? போன மழைக்கு எதிர் டீக்கடையில டிவி பொகைஞ்சிப் போச்சி, தெரியுமா?"

மலையில் எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். மாலையில் கடை மூடும்போது பூட்டுப் போடுவதைப் போலவே பிளக்கைப் பிடுங்குவதும் ஒரு வேலை. நானோ அது ஏதோ அறியாமை என்பது போல அவளைக் கடிந்துகொண்டேன். கள்ளக்குறிச்சியில் தட்டச்சு பழகப் போன காலத்தில், என் கல்லூரி விண்ணப்பத்தை ஓர் எழுத்துப் பிசகாமல் அடித்துக் கொடுத்தவள் அவள். கணினியை எப்படி அணைக்க வேண்டும் என்று அவளுக்கு நான் பாடம் எடுத்தேன்.

அவள் அதைப் பொருட்படுத்தவில்லை. அவளுக்கு வேறு கவலை.

"அஞ்சலை தெரியும் இல்ல, மேல ஊருலேர்ந்து வருமே, அது பொண்ணு ரேவதிக்கு நர்சிங் படிப்புக்கு அப்ளிகேசன் போடணும்டா. கடைசி நாளு நெருங்கிடுச்சி. கீழ கள்ளக்குறிச்சிக்குப் போயிப் போட்டுக்கச் சொல்லிடட்டா?"

"வேணாம்க்கா. அதுக்குள்ள நான் சரி பண்ணிடறேன். இருக்கச் சொல்லு."

4

ஆய்வுக்கூடத்தில் எத்தனை முறை முயன்றும் அந்தக் கருந்திரை எங்களுக்கு வரவில்லை. பிழை எங்கே இருக்கிறது என்று தெரியாதபோது எங்கள் தொழிலில் ஒரு வழி உண்டு. நன்றாக ஓடிய பழைய பதிப்புக்கும் ஓடாத புதிய பதிப்புக்கும் இடையே நடந்த மாற்றங்களையெல்லாம் வரிசைப்படுத்தி, சரிபாதியில் உள்ள ஒன்றை ஓட்டிப் பார்ப்போம். ஓடினால் பிழை பின்பாதியில் இருக்கிறது, ஓடாவிட்டால் முன்பாதியில். எஞ்சிய பாதியை மீண்டும் பாதியாக்குவோம். இப்படிக் குறைத்துக்கொண்டே போனால் கடைசியில் ஒரே ஒரு மாற்றம் எஞ்சும். குற்றவாளி அதுதான்.

உலகிலேயே அந்தப் பிழையைக் காட்டியதாக எங்களுக்குத் தெரிந்த இயந்திரம் அக்காவுடையது ஒன்றே. ஆனால் தானாக ஏறிய புதுப்பிப்பு சிறியது, சோதனைக்கான முழுப் பதிப்போ பெரிய கோப்பு; அவ்வளவு பெரிய கோப்பை இறக்கும் வேகம் வெள்ளிமலையின் இணையத்துக்குக் கிடையாது. ஆகவே ஓர் ஏற்பாடு செய்தேன். கள்ளக்குறிச்சிப் பேருந்து நிலையத்தருகே செராக்ஸ் கடை வைத்திருக்கும் என் சித்தி மகன் முருகவேல் கோப்பை இறக்கி, பென் டிரைவில் ஏற்றி, மலைப்பேருந்தின் நடத்துநரிடம் கொடுப்பான். அக்கா வெள்ளிமலையில் வாங்கிக்கொள்வாள். அதைக் கணினியில் செருகினால் போதும், அதிலிருந்தே இயங்கும். முடிவைத் தொலைபேசியில் சொல்லிவிட்டு, பேருந்து திரும்பும்போது பென் டிரைவைக் கொடுத்தனுப்ப வேண்டும். முருகவேலிடம் இருந்தவை இரண்டே என்பதால் அவைதாம் மாறி மாறி ஏறி இறங்கின.

"அண்ணே, கண்டக்டர் கேக்கறாரு," என்றான் முருகவேல். "தெனம் ஒண்ணு ஏத்தறீங்களே, வெள்ளிமலையில சினிமா கொட்டாய் கட்டறீங்களான்னு."

நானும் சிரித்தேன். அலுவலகத்தில் சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள். எங்கள் குழுத்தலைவர் மார்ட்டின் சுவரில் கல்வராயன் மலையின் வரைபடம் ஒன்றை ஒட்டி, பேருந்து வழியைச் சிவப்பு மையால் வரைந்தார்.

ஒன்றை மட்டும் நான் அக்காவிடம் சொல்லவில்லை. பழைய பதிப்பையே முதல் பேருந்தில் அனுப்பியிருந்தால், அன்று நண்பகலிலேயே அவள் கடை நடந்திருக்கும். அனுப்பவில்லை. அனுப்பினால் அவள் தன் வேலையைப் பார்க்கத் தொடங்கிவிடுவாள். என் சோதனைக்கு இயந்திரம் கிடைக்காது. பிழை என் பகுதியில் இல்லை என்று நிறுவுவதற்கு எனக்கு அந்த இயந்திரம் நோயோடு இருப்பது வேண்டியிருந்தது. ஒவ்வொரு பென் டிரைவையும் அக்கா மருந்து என்று வாங்கிச் செருகினாள். நான் அனுப்பியது மருந்தன்று; புண்ணைத் துழாவும் கோல்.

முதல் இரண்டும் கருந்திரை. மூன்றாவது, காலைப் பேருந்தில் போனது, ஓடியது.

5

அக்காவின் குரலை அவ்வளவு மகிழ்ச்சியாக நான் கேட்டு நெடுநாளாகியிருந்தது. இங்கே அப்போதுதான் விடிந்திருந்தது.

"எழுந்துக்கிச்சிடா தம்பி! எல்லாம் வருது. கடையில ஒரே கூட்டம். அஞ்சலையும் வந்து ஒக்காந்துகினு இருக்குது. இன்னியோட அப்ளிகேசன் முடியுது, தெரியும் இல்ல? அதுக்கு முன்னாடி ரெண்டு பேரு இருக்காங்க, முடிச்சிட்டு அதைத்தான் போடப் போறேன்."

"சரிக்கா. அடுத்த பஸ்ல இன்னொண்ணு வருது. வந்ததும் கூப்பிடு."

எனக்கு அன்று காலை குழுக்கூட்டம் இருந்தது. எஞ்சியிருந்த பாதியில் என் மாற்றங்களும் இருந்தன, எங்கள் குழுவில் வேறு இருவருடையவையும் இருந்தன. நான்காவது பதிப்பின் முடிவு கூட்டத்துக்கு முன் தெரிந்தால், பிழை பெரும்பாலும் அந்த இருவர் பக்கம் என்று சொல்லிவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

அடுத்த பேருந்து வந்ததும் அக்கா அழைத்தாள். பின்னால் பேருந்தின் ஒலிப்பான் கேட்டது.

"பென் டிரைவ் வந்துடுச்சிடா. கண்டக்டர் பழச கேட்டுக்கினு நிக்கறாரு. ஆனா இப்பதான் அஞ்சலையோடத அடிச்சிக்கினு இருக்கேன். இது நல்லா ஓடுதே, இதையே வெச்சிக்கிறேனே?"

"இல்லக்கா. அது முழுசாச் சரியானது இல்ல. நிறுத்திட்டு, பிளக்கைப் புடுங்கிட்டு, புதுசப் போடு. பழச அவருகிட்ட குடுத்துடு."

"அஞ்சலையோடத முடிச்சிட்டு மாத்தறேன்டா."

"பஸ்சு நிக்காது. இது வந்தா எல்லாம் சரியாயிடும்."

அவள் தயங்கினாள். பிறகு, "இரும்மா, ஒரு நிமிசம். எந்தம்பி சொல்றான்," என்று பக்கத்தில் யாரிடமோ சொன்னாள்.

பேருந்து மூன்றாவது பென் டிரைவோடு மலை இறங்கிவிட்டது. அதே பேருந்தில் அஞ்சலையும் ஏறியிருந்தால், மாலைக்குள் கள்ளக்குறிச்சியில் ஏதாவது ஒரு கடையில் விண்ணப்பத்தைப் போட்டிருக்கலாம். நான்காவது கருந்திரை. என் கூட்டத்துக்கு வேண்டிய விடை கிடைத்துவிட்டது. அஞ்சலை மாலைவரை அங்கேயே உட்கார்ந்திருந்தார் என்றும், இருட்டியபின் எழுந்து போனார் என்றும் அக்கா மறுநாள் சொன்னாள். குறை சொல்லும் தொனியில் சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னாள். "அடுத்தது எப்போடா அனுப்புவே?" என்றும் கேட்டாள்.

அனுப்பினேன். மேலும் சில பேருந்துகள் ஏறி இறங்கின. கடைசியில் எஞ்சிய ஒரே மாற்றம் என்னுடையது. நான் மிகையென்று அடித்த அந்த வரி.

பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கடிகாரத்தை ஓட வைக்கக் கணினிக்குள் காசளவில் ஒரு சிறு பேட்டரி உண்டு. அக்காவின் கணினியில் அது தீர்ந்து நெடுங்காலம் ஆயிற்று. அதனால் ஒவ்வொரு காலையிலும் அந்தக் கணினி, தன்னைப் படைத்த காலத்துக்கே திரும்பிப் போய்க் கண் விழித்தது. பழைய நிரல் அதைக் கைப்பிடித்து நேற்றைக்குக் கொண்டுவந்து சேர்த்தது. என் நிரலோ, கடைசியாக அணைக்கப்பட்ட நாள் வரட்டும் என்று காத்திருந்தது. பல ஆண்டுகள் காத்திருக்கவும் அது ஆயத்தமாக இருந்தது.

அடித்த வரியைத் திரும்ப எழுதி, அதன் தலையில் விளக்கமும் வைத்து, கடிகாரம் பின்னே போகும் சோதனை ஒன்றையும் சேர்த்தேன். தன் பிழையைத் தானே தேடிக் கண்டவன் என்று மார்ட்டின் கை குலுக்கினார். அன்று நான் வெட்கப்படவில்லை. உண்மையில் சற்றுப் பெருமையாகவே இருந்தது. அதை நினைத்துத்தான் இப்போது அதிகம் வெட்கப்படுகிறேன்.

6

அதே கோடையில் என் மகள் யாழினிக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்க வேண்டியிருந்தது. ஒரு சான்றிதழைக் குறித்த நாளில் எங்களால் அனுப்ப முடியவில்லை. அவர்களுடைய இணையதளம் அன்று பழுது. பதறிக்கொண்டு பல்கலைக்கழக அலுவலகத்துக்குப் போனேன். பதற்றத்தில் என் ஜெர்மன் எப்போதும் சிதறும். 'பிந்திவிட்டது' என்பதற்குப் பதிலாக 'பிந்திவிட்டேன்' என்று சொன்னேன் போலும். எதிரே இருந்த அலுவலர் பெண்மணி திருத்தினார்: "பிந்தியது நீங்கள் இல்லை. எங்கள் கணினி ஓடாத நாளை உங்கள் கணக்கில் சேர்க்க முடியாது." முத்திரை குத்திக் காலக்கெடுவை நீட்டித்தார். நன்றி சொல்லிவிட்டு வந்தேன். வெளியே வந்து டிராமில் ஏறும்வரை எனக்கு வெள்ளிமலை நினைவுக்கு வரவே இல்லை. ஏறி உட்கார்ந்தபின் வந்தது. இறங்க வேண்டிய நிறுத்தத்தைக் கடந்து போய்விட்டேன்.

யாழினி இப்போது கணினிதான் படிக்கிறாள். வீட்டில் நான் தமிழில் கேட்டால் அவள் ஜெர்மனில் பதில் சொல்வாள். அத்தையைப் புகைப்படத்தில் பார்த்துப் பழகியவள். கருத்தரங்கு அழைப்போடு என் சோதனைக் குறிப்புகளையும் வெளியிட்டிருந்தார்கள். அவற்றைப் படித்துவிட்டு, என்ன நினைத்தாளோ, தமிழிலேயே கேட்டாள்.

"அப்பா, மூணாவது ஓடுது. நீ நிறுத்து சொல்ற. ஏன்?"

"சோதனை முடியல இல்லையா? பிழை எந்தப் பாதியில இருக்குன்னு தெரியணுமே."

"ஆனா அது லேப் இல்ல அப்பா. அது அத்தை கடை."

அவள் தமிழில் பிழை கண்டால் திருத்தாமல் விடமாட்டேன். அன்று திருத்த ஒன்றும் தோன்றவில்லை.

7

ஞாயிற்றுக்கிழமை அக்காவை அழைத்துச் சொன்னேன். பழைய பதிப்பை முதல் நாளே அனுப்பியிருக்கலாம் என்பதையும், ஓடியதை நான் ஏன் நிறுத்தச் சொன்னேன் என்பதையும் சொன்னேன்.

"அப்ப, வந்தா சரியாயிடும்னு சொன்னியே, அது சரியாவாதுன்னு உனக்குத் தெரியுமாடா?"

"சரியாவலாம், ஆவாமலும் போவலாம்னு தெரியும்."

"எனக்குத் தெரியாதே! எந்தம்பி அவ்ளோ தூரத்துலேர்ந்து நமக்காகப் பார்த்துக்கினு இருக்கான், எழுந்து போவாதேன்னு நான்தான் அஞ்சலையப் புடிச்சி ஒக்கார வெச்சேன். பஸ்சு ஏறப் போனவளக் கையப் புடிச்சி இஸ்துக்கினு வந்தேன்டா நானு."

"அக்கா..."

"எங்கிட்ட இன்னாத்துக்குச் சொல்றே? அது இங்கதான் நிக்குது, கரண்ட் பில்லு கட்ட வந்துருக்குது. அதுகிட்டயே சொல்லு."

நான் மறுப்பதற்குள் தொலைபேசி கைமாறிவிட்டது. எழுத்தில் இருக்கும் என் சொற்கள் எதுவும் அப்போது உதவிக்கு வரவில்லை. அன்று நிறுத்தச் சொன்னவன் நான்தான் என்றும், நிறுத்தாமலே விட்டிருக்கலாம் என்றும், என் வேலைக்காகத்தான் நிறுத்தச் சொன்னேன் என்றும் தட்டுத் தடுமாறிச் சொன்னேன்.

"ஆமாங்க," என்றார் அஞ்சலை. "அன்னிக்கு நல்லாத்தான் ஓடிச்சிங்க. எம்பொண்ணு பேரு அடிச்சிட்டாங்க, அவங்க அப்பா பேரு அடிச்சிக்கினு இருந்தாங்க. அப்பதான் உங்க போனு வந்திச்சி."

"ரேவதி இப்ப என்ன பண்றாங்க?"

"திருப்பூருல பனியன் கம்பெனிக்குப் போய்க்கினு இருக்குதுங்க. அடுத்த வருசம் போடலாம்னு அக்கா சொல்லிச்சி. வேணாங்குது. கையில காசு பார்த்துடுச்சி இல்லீங்களா."

"நான் பேசிப் பார்க்கட்டுமா?"

"நீங்க இன்னா பேசுவீங்க?" அவர் கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"உங்க வூட்டுல பொண்ணு இருக்குதுன்னு அக்கா சொல்லும்," என்றார் பிறகு. "அது இன்னா படிக்குதுங்க?"

பக்கத்து அறையில் யாழினி விசைகளைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"கம்ப்யூட்டர்ம்மா."

"நல்லதுங்க. ஓடிக்கினு இருக்கறத நிறுத்தாம இருக்கச் சொல்லுங்க," என்றார். பிறகு அக்காவிடம், "இந்தாக்கா, உங்க தம்பி. எனக்கு ரசீதக் குடு, பஸ்சு வந்துடுச்சி," என்று சொல்வது கேட்டது.